உலக்கைப் பூணும் கார்பன் துணியும்

2025 பிப்ரவரி 17, திங்கட்கிழமை. விடியற்காலை 5:36. தில்லியில் இருப்பவர்கள் யாரும் அந்த நேரத்தை மறந்திருக்க மாட்டார்கள். முதலில் ஒரு உறுமல் சத்தம். லாரி ஏதோ வீட்டுக்குள் வருகிற மாதிரி. அப்புறம் கட்டில் ஒரு குலுக்கு குலுக்கியது. நான் எழுந்து உட்காருவதற்குள் முடிந்துவிட்டது. பக்கத்து அறையிலிருந்து அம்மா "யாருடா கதவைத் தட்டறது?" என்றாள்.

அளவு 4.0 தான். உலகத்தில் தினமும் எங்காவது வந்து போகிற சைஸ். ஆனால் மையம் எங்கே என்று பார்த்தால் தௌலா குவான்! ஆழம் வெறும் 5 கி.மீ. நான் வேலை பார்க்கும் சாணக்யபுரிக்கு அடுத்த பேட்டை அது. வழக்கமாக இங்கே நிலம் ஆடினால் இந்துகுஷ், நேபாளம், உத்தரகாண்ட் என்று தூரத்து ஊர்ப் பெயராகச் சொல்வார்கள். இந்த முறை காலுக்கடியிலேயே.

அன்று ஆபீஸில் யாருக்கும் வேலை ஓடவில்லை. வாசலில் அகலமான சாந்தி பத், இரண்டு பக்கமும் தூதரகங்கள், எல்லாம் வழக்கம் போலத்தான் இருந்தன. நான் மட்டும் அன்றைக்கு ஒவ்வொரு கட்டிடத்தின் காலைப் பார்த்துக்கொண்டே போனேன். கால் என்றால் தூண். எங்கள் துவாரகா சொசைட்டியும் கால்களின் மேல்தான் நிற்கிறது. தரைத்தளம் முழுக்கக் கார் நிறுத்தும் ஸ்டில்ட். அதற்கு மேல் ஏழு மாடி.

அந்த வாரமே சொசைட்டியில் அவசரக் கூட்டம். யாரோ ஒரு கான்ட்ராக்டரைக் கூட்டி வந்திருந்தார்கள். அவர் லேப்டாப்பில் படம் காட்டினார். தூணைச் சுற்றிக் கறுப்புத் துணி ஒன்றைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். "கார்பன் ஃபைபர் ராப். விமானத்தில் போடுற சாமான். இதைச் சுத்திட்டா உங்க பில்டிங் பூகம்ப ப்ரூஃப்" என்றார். இரண்டாம் மாடி மாமா (ரிட்டயர்டு, கும்பகோணத்துக்காரர்) என் காதருகே குனிந்து கேட்டார்: "ஏம்ப்பா, முழங்கால் வலிக்கு நான் சுத்திண்டிருக்கேனே, அந்த மாதிரியா?"

சிரித்துவிட்டேன். ஆனால் நான்தான் சொசைட்டி பொருளாளர். வங்கிக்காரன் என்பதால் தலையில் கட்டிவிட்டார்கள். செக்கில் கையெழுத்துப் போடப்போவது நான். பி.காம். படித்தவனுக்குத் தூணைப் பற்றி என்ன தெரியும்? அதனால் படிக்க ஆரம்பித்தேன். நான்கைந்து மாதம் ராத்திரி ராத்திரியாகப் படித்ததில், மாமா கேட்ட கேள்வி முட்டாள்தனமானது இல்லை என்று புரிந்தது. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். இன்ஜினியர் நண்பர்கள் பிழை இருந்தால் அடிக்க வராமல் திருத்துங்கள் :-)

பூண் என்ற பழைய யோசனை

பாட்டி வீட்டு உலக்கை ஞாபகம் இருக்கிறதா? அடி நுனியில் ஒரு இரும்பு வளையம் இருக்கும். பூண். அது எதற்கு? நெல் குத்தக் குத்த மரத்தின் நுனி நசுங்கும். நசுங்குகிற மரம் பக்கவாட்டில் விரியப் பார்க்கும், விரிந்தால் பிளந்துவிடும். பூண் அதை விரிய விடாமல் பிடித்துக்கொள்கிறது. இடியைத் தாங்குவது மரம்தான். மரத்தைக் கட்டிப் பிடிப்பது மட்டும் பூண்.

மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பட்டாவை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, சக்கரத்தில் மாட்டி, தண்ணீரை ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். மரப் பீப்பாய்க்கு வளையம் போடுவதும் இதே ரகம்.

கான்கிரீட்டும் அப்படித்தான். மேலிருந்து அழுத்தினால் அது பக்கவாட்டில் உப்பும். உள்ளே நெடுக்காக நுண்ணிய விரிசல்கள் விழும். அவை சேர்ந்து கடைசியில் தூண் நொறுங்கும். உப்ப விடாமல் சுற்றிலும் பிடித்துக்கொண்டால்?

1900களின் தொடக்கத்தில் பிரெஞ்சு இன்ஜினியர் ஆர்மாண்ட் கான்சிதேர் இதைச் செய்து பார்த்தார். தூணுக்குள் கம்பியை ஸ்பிரிங் மாதிரி சுருளாகச் சுற்றி வைத்து கான்கிரீட் போட்டார். சாதாரணத் தூணைவிட அது அதிகச் சுமை தாங்கியது. அதைவிட முக்கியம், சட்டென்று நொறுங்காமல் நிதானமாக நசுங்கியது.

எவ்வளவு அதிகம் தாங்கும் என்பதற்கு 1928-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விடை கிடைத்தது. ரிச்சார்ட், பிராண்ட்ஸேக், பிரவுன் என்ற மூன்று பேர் கான்கிரீட் உருளைகளைச் சுற்றிலும் திரவ அழுத்தம் கொடுத்து, மேலிருந்து நசுக்கிப் பார்த்தார்கள். பக்கவாட்டில் 1 பங்கு அழுத்தம் கொடுத்தால், தூணின் வலிமை சுமார் 4.1 பங்கு கூடுகிறது என்று கண்டார்கள். போட்ட பணத்துக்கு நாலு மடங்கு. எந்த ஃபிக்ஸட் டெபாசிட்டும் தராத வட்டி! நூறு வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்கும் இந்தத் துறையின் சூத்திரங்கள் எல்லாம் அந்த 4.1-க்குப் பேரன் பேத்திகள்தான்.

ஒரு ஆஸ்பத்திரி சொல்லிக் கொடுத்த பாடம்

1971 பிப்ரவரி 9, காலை 6 மணி. கலிபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோவில் 6.6 அளவு பூகம்பம். ஆலிவ் வியூ என்ற பெரிய ஆஸ்பத்திரி, கட்டி முடித்துத் திறந்து வாரங்கள்தான் ஆகியிருந்தன. புத்தம் புதுக் கட்டிடம். பூகம்ப விதிகளின்படிதான் கட்டினார்கள். ஆனாலும் கீழ்த்தளம் பக்கவாட்டில் தள்ளாடிச் சாய்ந்து நின்றுவிட்டது. பின்னால் மொத்தமாக இடித்தார்கள்.

இன்ஜினியர்கள் போய்ப் பார்த்தபோது ஒரே தளத்தில் இரண்டு விதத் தூண்கள். சுருள் கம்பி போட்ட தூண்களில் வெளித்தோல் உதிர்ந்து, தூணே வளைந்திருந்தது. ஆனால் சுருளுக்குள் இருந்த கான்கிரீட் அப்படியே இருந்தது, மேலே இருந்த மாடிகளைத் தாங்கிக்கொண்டு. அகலமான இடைவெளியில் சாதாரண ரிங் போட்ட மூலைத் தூண்களோ சரளைக் கல்லாக உதிர்ந்து கிடந்தன.

ஒரே சிமெண்ட், ஒரே கொத்தனார், ஒரே நாள், ஒரே பூகம்பம். வித்தியாசம் பூண் மட்டும்தான்.

நம் ஊரில் வீடு கட்டும்போது கம்பி கட்டுபவர் ரிங் வளைப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். (இங்கே தில்லியில் கம்பியை 'சரியா' என்பார்கள்.) நெடுக்கே போகிற பெரிய கம்பியைத்தான் எண்ணிப் பார்ப்போம், அதன் எடைக்குத்தான் பில் போடுவார்கள். குறுக்கே போகிற சின்ன ரிங்கை யார் கவனிக்கிறார்கள்? பூகம்பத்தில் உயிரைக் காப்பது அந்தச் சின்ன ரிங்தான். அது எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது, அதன் கொக்கி உள்பக்கமாக நன்றாக மடித்திருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சட்டை போட்ட தூண்கள்

சரி, புதுத் தூணுக்கு ரிங்கை நெருக்கிப் போடலாம். ஏற்கெனவே நிற்கிற லட்சக்கணக்கான பழைய தூண்களுக்கு என்ன செய்வது? உள்ளே போட முடியாத பூணை வெளியே போடுவதுதான் வழி.

கலிபோர்னியாவின் நெடுஞ்சாலைத் துறை பாலத் தூண்களுக்கு இரும்புத் தகட்டால் சட்டை போட ஆரம்பித்தது. இரண்டு அரைவட்டத் தகடுகளைத் தூணைச் சுற்றி வைத்து வெல்டிங் செய்து, இடைவெளியில் சிமெண்ட் கலவையைச் செலுத்துவார்கள். இந்த வேலை முழுவீச்சில் நடப்பதற்கு முன்பே 1989 அக்டோபர் 17 வந்துவிட்டது. லோமா பிரியெட்டா பூகம்பம். ஓக்லண்டில் சைப்ரஸ் என்ற இரண்டு அடுக்குச் சாலையின் மேலடுக்கு கீழடுக்கின் மேல் விழுந்து 42 பேர் செத்தார்கள். 1994 ஜனவரி 17-இல் நார்த்ரிட்ஜ் பூகம்பம் வந்தபோது, சட்டை போட்டு முடித்திருந்த பாலங்கள் பெரிய சேதம் இல்லாமல் நின்றன. இன்னும் முறை வராமல் காத்திருந்த சில பாலங்கள் விழுந்தன.

அதே தேதியில் அடுத்த வருஷம், 1995 ஜனவரி 17, ஜப்பானின் கோபே. 6,400 பேருக்கு மேல் பலி. ஹான்ஷின் விரைவுச்சாலையின் 600 மீட்டருக்கும் அதிகமான நீளம் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்த படத்தைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அதன் பிறகு ஜப்பான்காரர்கள் ஆயிரக்கணக்கான தூண்களுக்குச் சட்டை தைக்க ஆரம்பித்தார்கள்.

இரும்புச் சட்டையில் ஒரு சங்கடம். எடை அதிகம், கிரேன் வேண்டும், வெல்டிங் வேண்டும், துருப்பிடிக்கும். ரயில்வே பாலத்துக்கு அடியில் கடை நடத்துகிறவனின் கூரைக்குக் கீழே கிரேன் எப்படிப் போகும்? அங்கேதான் நம் கறுப்புத் துணி வருகிறது.

துணி வந்த கதை

கார்பன் இழைக்கு வயது அதிகம். 1879-இல் எடிசன் தன் விளக்குக்குள் எரியவிட்டதே கரியாக்கிய நூல்தான். ஆனால் வலுவான கார்பன் இழை 1958-இல்தான் வந்தது. அமெரிக்காவில் யூனியன் கார்பைடு நிறுவனத்தில் ரோஜர் பேக்கன் என்ற விஞ்ஞானி கண்டார். (ஆமாம், போபால் விஷவாயுக்குப் பெயர் போன அதே கம்பெனி.) கொஞ்ச நாளிலேயே ஜப்பானின் ஒசாகாவில் அகியோ ஷிண்டோ, அக்ரிலிக் வகை இழையிலிருந்து கார்பன் இழை செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். ஸ்வெட்டர் பின்னுகிறார்களே அதே குடும்பத்து நூல். 1971-இல் ஜப்பானின் டோரே கம்பெனி வியாபாரமாகவே தயாரிக்க ஆரம்பித்தது. விமானம், மீன்பிடித் தூண்டில், டென்னிஸ் மட்டை என்று போன பிறகுதான் கட்டிடத்துக்கு வந்தது.

கட்டிட உலகில் இதற்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தவர் சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகத்தைச் சேர்ந்த ஊர்ஸ் மையர். லூசெர்ன் நகரத்துக்குப் பக்கத்தில் இபாக் பாலம். டிராஃபிக் சிக்னல் நடத் துளை போட்டவர்கள், பாலத்துக்குள் இருந்த இழுவிசைக் கம்பியை வெட்டிவிட்டார்கள். 1991-இல் அதைச் சரிசெய்ய இரும்புத் தகடு என்றால் 175 கிலோ வேண்டும். மையர் குழு ஒட்டிய கார்பன் பட்டையின் மொத்த எடை 6.2 கிலோ. அரிசிப் பை எடை கூட இல்லை!

அது பாலத்தின் அடியில் ஒட்டிய பட்டை. தூணைச் சுற்றும் வேலையில் முந்தியது ஜப்பான். 1980களின் பிற்பகுதியிலேயே கான்கிரீட் புகைபோக்கிகளுக்கும் தூண்களுக்கும் கார்பன் நாரைச் சுற்றிப் பார்த்தார்கள். 1990களில் அமெரிக்காவில், சான் டியேகோவில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பிரீஸ்ட்லி, சைபிள் போன்ற பேராசிரியர்கள் முழு அளவுத் தூண்களைச் செய்து, சுற்றி, ஆட்டி, உடைத்துப் பார்த்தார்கள். 2002-இல் அமெரிக்க கான்கிரீட் இன்ஸ்டிட்யூட் இதற்கென்று தனி வழிகாட்டி போட்டது.

இதன் கணக்கு எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்கும் புரியும். சாதாரணக் கட்டிடக் கம்பியின் வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 415 நியூட்டன். கார்பன் இழை 3,500-க்கும் மேல். எட்டு மடங்கு. எடையோ இரும்பில் கால் பங்குக்கும் கம்மி. 400 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டத் தூணை எடுத்துக்கொள்வோம். இரண்டு சுற்று துணி. இழையின் கனம் மட்டும் பார்த்தால் மொத்தம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். கான்கிரீட் உப்பும்போது அந்தத் துணி இழுபட்டுச் சுமார் 1.5 அளவுக்குப் பக்கவாட்டு அழுத்தம் கொடுக்கும். 1928-இன் 4.1-ஆல் பெருக்குங்கள். 20 வலிமை இருந்த கான்கிரீட் 26 ஆகிறது. கல்யாணப் பத்திரிகை அட்டை கனம்கூட இல்லாத துணி!

ஒன்றைக் கவனியுங்கள். வண்டிச் சக்கரப் பட்டா முதல் நாளிலிருந்தே இறுக்கிப் பிடிக்கிறது. கார்பன் துணி அப்படியில்லை. கான்கிரீட் உப்ப ஆரம்பித்த பிறகுதான் அது வேலைக்கு வரும். அதுவரை சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், இன்ஷூரன்ஸ் பாலிசி மாதிரி.

நம் நாட்டுக் கணக்கு

சாணக்யபுரிக்கு வருவோம். 1950களில் நேரு காலத்தில் தூதரகங்களுக்காக ஒதுக்கிய பேட்டை இது. எட்வர்ட் ஸ்டோன் வடிவமைத்த அமெரிக்கத் தூதரகம் 1959 ஜனவரியில் திறந்தது. அடுத்த வருஷம், 1960 ஆகஸ்ட் 27-இல், தில்லிக்குப் பக்கத்திலேயே மையம் கொண்டு ஒரு பூகம்பம், அளவு 6-ஐ ஒட்டி. பூகம்பத்துக்கென்று இந்தியாவின் முதல் விதித்தொகுப்பு ஐ.எஸ். 1893 வெளியானது 1962-இல். அதாவது இந்தப் பேட்டையின் முதல் கட்டிடங்கள் எழுந்தபோது விதிப் புத்தகமே இல்லை. அதனால் அவை பலவீனமானவை என்று நான் சொல்லவில்லை. அந்தந்த இன்ஜினியரின் அறிவும் மனசாட்சியுமே அன்றைய விதி என்றுதான் சொல்கிறேன்.

தூணில் ரிங் எப்படிப் போடவேண்டும் என்று பூகம்பத்தை மனதில் வைத்துத் தனியாகச் சொல்லும் ஐ.எஸ். 13920 வந்ததோ 1993-இல்தான். தூணின் இரு முனைகளிலும் ரிங் இடைவெளி 100 மி.மீ.-க்கு மேல் போகக்கூடாது, கொக்கியை 135 டிகிரி மடக்கவேண்டும் என்றது அது. அதற்கு முன்னால் சாதாரண முறையில் 300 மி.மீ. வரை கூட இடைவெளி விடலாம். ஆலிவ் வியூவின் மூலைத் தூண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

1997 மே 22 ஜபல்பூர். 2001 ஜனவரி 26 புஜ். குடியரசு தினக் காலை 8:46, அளவு 7.7. அகமதாபாத் அந்த மையத்திலிருந்து 200 கி.மீ.-க்கும் மேல் தூரம். ஆனாலும் அங்கே அடுக்குமாடிகள் விழுந்து நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். விழுந்தவற்றில் பல, கீழ்த்தளத்தைக் கார் நிறுத்தத் திறந்து விட்டவை. மேலே ஒவ்வொரு மாடியிலும் செங்கல் சுவர் நிறைந்திருக்கும், அதனால் விறைப்பாக இருக்கும். கீழே வெறும் தூண்கள். ஆட்டம் முழுவதும் அந்தக் கீழ்த்தளத்தில் வந்து சேரும். பெட்டியைக் குச்சிகளின் மேல் வைத்து ஆட்டிப் பாருங்கள், தெரியும். 2002-இல் திருத்திய ஐ.எஸ். 1893, ஸ்டில்ட் தளத்துத் தூண்களை இரண்டரை மடங்கு விசைக்குக் கணக்கிடச் சொன்னது. எங்கள் சொசைட்டி அதற்கு முன்னாலேயே கட்டியது.

புஜுக்குப் பிறகுதான் 'ரெட்ரோஃபிட்' என்ற வார்த்தை நம் நாட்டில் ஆபீஸ் ஃபைல்களுக்குள் வந்தது. 2005-இல் தில்லி அரசு, தில்லி செயலகம், போலீஸ் தலைமையகம், ஜி.டி.பி. ஆஸ்பத்திரி, லட்லோ காசில் பள்ளி, கோட்ட ஆணையர் அலுவலகம் என்று ஐந்து முக்கியக் கட்டிடங்களை எடுத்து, பூகம்பம் வந்தால் என்னாகும் என்று பார்க்க ஆரம்பித்தது. 2007-இல் மத்தியப் பொதுப்பணித் துறையும் இந்தியன் பில்டிங்ஸ் காங்கிரஸும் கட்டிடங்களை பலப்படுத்தும் கையேடு ஒன்று கொண்டுவந்தன. அதை எழுதிக் கொடுத்ததில் நம் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பங்கு பெரியது. நார்த் இண்டியாவுக்கு நாம் ஏற்றுமதி செய்வது இட்லி மாவு மட்டும் இல்லை! தரமணியில் இருக்கும் எஸ்.இ.ஆர்.சி. ஆய்வகத்திலும் இந்த இழைத்துணி வேலை நிறைய நடந்திருக்கிறது. 2013-இல் பழைய கான்கிரீட் கட்டிடங்களைச் சோதித்து பலப்படுத்துவதற்கென்றே ஐ.எஸ். 15988 வந்தது.

தில்லிக்காரர்கள் பிரச்சினை, நமக்கென்ன என்று வெளிநாட்டில் உட்கார்ந்து படிக்கிறவர்கள் நினைக்கவேண்டாம். சென்னையையும் 2002 திருத்தம் மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றியது. அதற்கு முந்தைய செப்டம்பர் 25-இல்தான் புதுச்சேரிக் கடலுக்குள் 5.5 அளவில் ஆடியது. மடிப்பாக்கத்திலோ வேளச்சேரியிலோ நீங்கள் பெற்றோருக்காக வாங்கிப் போட்ட ஃபிளாட்டின் அடியில் என்ன இருக்கிறது? ஸ்டில்ட் பார்க்கிங்தானே?

ஒரு வங்கிக்காரனாக இன்னொன்றும் உறுத்துகிறது. வீட்டுக் கடன் கொடுக்கும்போது மூலப் பத்திரம், வில்லங்கம், அப்ரூவ்டு பிளான், மதிப்பீடு என்று எத்தனை காகிதம் பார்த்திருக்கிறேன்! கையெழுத்து ஒரு சுழி மாறினால் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் இருபது வருஷ சர்வீஸில் தூணில் ரிங் இடைவெளி என்ன என்று ஒருவரையும் நான் கேட்டதில்லை.

துணி செய்யாத வேலைகள்

இப்போது மாமாவின் கேள்விக்கு வருகிறேன். முழங்காலில் சுற்றுகிற கட்டு எலும்பை வளர்க்காது. மூட்டு நழுவாமல் பிடிக்கும். கார்பன் துணியும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

முதலாவது, சதுரத் தூணில் அதன் பலன் குறையும். வட்டத் தூணில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இறுகும். சதுரத்தில் மூலைகளில்தான் பிடி, நடுப்பக்கம் உப்பிவிடும். மூலை கூர்மையாக இருந்தால் துணியே அங்கே அறுந்துபோகும். அதனால் மூலைகளை உருட்டித் தேய்த்த பிறகுதான் சுற்றவேண்டும். எங்கள் தூண்கள் நீள்சதுரம். கான்ட்ராக்டர் இதைச் சொல்லவே இல்லை.

இரண்டாவது, உள்ளே கம்பி துருப்பிடித்திருந்தால் துணி அதை மறைக்கும், குணப்படுத்தாது. புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவது மாதிரி. உளுத்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, புதிதாக நிரப்பிய பிறகுதான் துணி.

மூன்றாவது, பசை. அது எபாக்ஸி. 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே இளக ஆரம்பிக்கும். அதனால் தீ பிடித்தால் துணி இல்லையென்றே வைத்துக்கொண்டு கட்டிடம் நிற்குமா என்று கணக்குப் பார்க்கவேண்டும். எங்கள் தூண்களுக்கு நடுவில் நிற்பதோ பெட்ரோல் நிரப்பிய கார்கள்.

நான்காவதுதான் பெரியது. துணி சுற்றினால் தூண் நொறுங்காது, வளைந்து கொடுக்கும். ஆனால் கட்டிடத்தின் விறைப்பு அவ்வளவாகக் கூடாது. ஸ்டில்டின் நோயே விறைப்புப் போதாததுதான். அதற்குச் சில தூண்களுக்கு இடையே கான்கிரீட் சுவர் எழுப்பவேண்டும், அல்லது இரும்புச் சட்டம் கட்டவேண்டும், அல்லது தூணைச் சுற்றிக் கம்பி கட்டி சுமார் 100 மி.மீ. கான்கிரீட் சட்டை போடவேண்டும். துணி இவற்றுக்குத் துணையாகலாம், மாற்றாக முடியாது. 'பூகம்ப ப்ரூஃப்' என்ற வார்த்தையை நான் படித்த எந்த விதிப் புத்தகமும் சொல்லவில்லை.

இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போனேன். "பேங்க்காரருக்கு எல்லாவற்றிலும் அப்ஜெக்‌ஷன்" என்று பின்வரிசையில் ஒரு குரல். பரவாயில்லை. ஒட்டுவதற்கு முன் சோதிப்போம் என்று ஒரு வழியாக முடிவானது. வேலையை விற்காத, வெறும் ஆலோசனைக்கு மட்டும் ஃபீஸ் வாங்கும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைப் பிடித்தோம். அவர் பழைய வரைபடம் கேட்டார். பில்டரின் டிராயிங்கைத் தேடி எடுக்கவே ஒரு மாதம். தூண்களில் சின்ன உருளையாகத் துளைத்து எடுத்து நசுக்கிப் பார்த்தார். கருவி வைத்து ரிங் எங்கெங்கே இருக்கிறது என்று தேடினார். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இரண்டு தூண்களில் பூச்சைத் தட்டிப் பார்த்தபோது உள்ளே கம்பி செதில் செதிலாக உரிந்திருந்தது. அந்தத் தூண்களுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் புது பெயிண்ட் அடித்தோம். அந்த பில்லிலும் என் கையெழுத்துதான்.

ரிப்போர்ட் வந்துவிட்டது. அந்த இரண்டு தூண்களை முதலில் ரிப்பேர் செய்யவேண்டும். நான்கு இடங்களில் தூண்களுக்கு நடுவே கான்கிரீட் சுவர். சில தூண்களுக்குக் கான்கிரீட் சட்டை. லிஃப்ட், மாடிப்படிப் பக்கம் சட்டை போட இடம் போதாத ஆறு தூண்களுக்கு மூலை உருட்டி, கார்பன் துணி. ஆக, கறுப்புத் துணிக்கும் வேலை இருக்கிறது. கான்ட்ராக்டர் சொன்ன அளவுக்கும் இல்லை, நான் பயந்த அளவுக்கு வீணும் இல்லை.

பணம்கூட எப்படியாவது புரட்டிவிடலாம். சிக்கல் வேறு. சுவர் எழுப்பினால் ஒன்பது கார் நிறுத்தும் இடம் போகிறது. இங்கே தில்லியில் பார்க்கிங்குக்காக அடிதடி நடக்கும், தெரியும்தானே? ஒன்பது பேரில் ஏழு பேர் முடியாது என்கிறார்கள். "வெறும் துணியைச் சுத்திட்டுப் போங்களேன், கார் நிக்கும்" என்பது அவர்கள் கட்சி. எட்டாவது ஆள் யோசிக்கிறார்.

ஒன்பதாவது இடம் என்னுடையது. B-14. தூணை ஒட்டி, நிழலில், அம்மா ஏறி இறங்க வசதியான இடம். அம்மாவிடம் சொன்னேன். "காரை வெளியே விட்டா என்ன, நான் நாலு எட்டு நடந்துக்கறேன். தூணைப் பாரு முதல்ல" என்றாள். உலக்கை பிடித்து நெல் குத்தியவள். பூண் எதற்கு என்று அவளுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு ஜெனரல் பாடி. B-14-ஐ விட்டுத் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் கணக்கைப் படிக்கப் போகிறேன். மற்ற எட்டு பேர் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம்.

நீங்கள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். உங்கள் ஃபிளாட்டின் ஸ்டில்டில் ஐந்து நிமிஷம் நின்று தூண்களைப் பாருங்கள். பூச்சில் நெடுக்காக வெடிப்பு, பழுப்புக் கறை, தட்டினால் பொக்கென்று சத்தம், இவற்றில் ஏதாவது தெரிந்தால் பெயிண்டரைக் கூப்பிடாதீர்கள். இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.